எட்டுகிற முனையைப் பிடியுங்கள்

(தாராவியில் தமிழர் அமைப்பு ஒன்றின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் மும்பை வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் அதை உள்ளே வைக்க வேண்டாம். இன்றைக்குப் பேசப்போவதே அதற்குள் இருக்கிற சங்கதிதான். மெயிலைத் திறந்து ‘ஸ்பேம்’ என்று போட்டிருக்கிற இடத்துக்குப் போங்கள். உங்களுக்கு லாட்டரியில் கோடிக்கணக்கில் பரிசு விழுந்திருக்கும். அதை விடுவிக்க ரிசர்வ் வங்கி ஆளுநரே கைப்பட எழுதியிருப்பார். கனடாவில் வேலை காத்திருக்கும். கொஞ்சம் கீழே போனால் அசோகச் சக்கரம் போட்ட தாளில் ஒரு சம்மன் இருக்கும்: நீங்கள் ஆபாசப் படம் பார்த்தீர்கள், 24 மணி நேரத்தில் பதில் சொல்லாவிட்டால் கைது. மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் சைபர் குற்றப் பிரிவின் பெயரிலேயே இப்படிப் போலிக் கடிதங்கள் சுற்றுகின்றன. அவை போலி என்று அரசின் செய்தித் தகவல் பணியகம் பலமுறை மறுப்பு வெளியிட்டுவிட்டது. கடிதங்கள் நின்றபாடில்லை.

நோட்டீஸில் என் உரைக்கு ‘எல்லை தாண்டிய ஸ்பேமும் சட்டமும்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் சில காலியாக இருப்பதற்கு அதுதான் காரணமென்று நினைக்கிறேன். ஆனால் இந்த விஷயம் இந்தப் பேட்டைக்கு எப்படி வந்து சேருகிறது என்று சொன்னால் அடுத்த கூட்டத்துக்குக் கூடுதல் பேர் வருவீர்கள்.

என் கட்சிக்காரர், ஓர் அண்ணாச்சி. பெயர், தொகை எதுவும் சொல்லமாட்டேன், அது தொழில் தர்மம். தோல் பை செய்கிறவர். அப்பா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பதனிடும் வேலையில் தொடங்கிய குடும்பம். இப்போது அறுபது அடி ரோட்டுக்குப் பின்னால் மூன்று மாடிப் பட்டறை. ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர், பல வருடப் பழக்கம். ஆர்டர், மாதிரி, விலை எல்லாம் மெயிலிலேயே நடக்கும். ஒரு முறை சரக்கு நவசேவாவில் கப்பல் ஏறிவிட்டது. பணம் வரவில்லை. இவர் கேட்கிறார். அவர், “போன வாரமே அனுப்பிவிட்டேனே, நீங்கள் சொன்ன புதிய கணக்குக்கு” என்கிறார். இவர் எந்தப் புதிய கணக்கையும் சொல்லவே இல்லை.

அந்த மெயிலை நான் பார்த்தேன். இவருடைய பழைய கடிதங்களின் கீழே, அதே தொடர்ச்சியில், அதே வணக்கம், அதே கையெழுத்து, அதே எழுத்துப்பிழையோடுகூட வந்திருக்கிறது. முகவரியில் மட்டும் ஒரு வித்தியாசம். ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சின்ன எழுத்துகள் ஒட்டி நின்றன. போன் திரையில் அது ‘எம்’ மாதிரியே தெரியும். நானே முதல் தடவை பார்த்தபோது கண்டுபிடிக்கவில்லை, என் ஜூனியர் பெண்தான் காட்டிக்கொடுத்தாள்.

காவல் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்பது வேண்டாம். “பணம் உங்கள் கணக்கிலிருந்து போகவில்லையே, வெளிநாட்டுக்காரர் கணக்கிலிருந்துதானே போயிருக்கிறது? அவர் அங்கே புகார் கொடுக்கட்டும்” என்றார்கள். அவர் அங்கே போனால், “ஊடுருவப்பட்ட மெயில் இந்தியாவில் இருக்கிறது, இந்தியாவில் கேளுங்கள்” என்கிறார்கள். பணம் போய்ச் சேர்ந்த வங்கி மூன்றாவது நாட்டில். போலி முகவரியைப் பதிவு செய்த கம்பெனி நான்காவது நாட்டில். அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: “வக்கீல் சார், திருடன் எந்த ஊர்ல இருக்கான்னாச்சும் சொல்லுங்க.” எனக்கு இன்றுவரை தெரியாது.

அது ஏன் தெரியாமல் போகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

இன்லண்ட் லெட்டரில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் சரிபார்க்கமாட்டார். மெயிலும் அப்படித்தான். மெயில் போக்குவரத்துக்கான விதிமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதினார். அப்போது அந்த வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சிக்காரர்களும்தான், ஒருவரை ஒருவர் ஏறக்குறைய அறிவார்கள். பொய்ப் பெயரில் எழுதுவான் என்று யாரும் எண்ணவில்லை. அதனால் அனுப்புகிறவரைச் சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. உலகம் முழுக்க இன்றும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. பின்னால் வைத்த பூட்டுகள் எல்லாம் ஒட்டுப்போட்டவை.

எண்ணாமல் இருந்திருக்கக் கூடாதுதான். 1978-லேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் விற்பனைக்காரர் ஒருவர் தன் கணினியை விற்க ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பித் திட்டு வாங்கினார். 1994-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கணவனும் மனைவியுமான இரண்டு பேர், கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான இணைய விவாதக் குழுக்களில் விளம்பரத்தைக் கொட்டினார்கள். வியாபார ஸ்பேமுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வார்கள். இருவரும் வக்கீல்கள் என்பதைச் சபையோர் கவனிக்க வேண்டாம்.

சட்டங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன, அதுவும் ஆளுக்கொரு திசையில். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு வழிகாட்டு உத்தரவு போட்டது: முன்கூட்டிச் சம்மதம் வாங்காமல் விளம்பர மெயில் அனுப்பாதே. ஆஸ்திரேலியா 2003-இல் அதே வழியில் சட்டம் இயற்றியது. அதே 2003-இல் அமெரிக்கா ‘கேன்-ஸ்பேம்’ சட்டம் கொண்டுவந்தது. அது நேர் எதிர்: சம்மதம் இல்லாமலே அனுப்பலாம், பெயரையும் தலைப்பையும் பொய்யாகப் போடாதே, வேண்டாம் என்று அவர் சொன்னால் நிறுத்து. ஆக, ஒரே மெயில் டெக்சாஸிலிருந்து கிளம்பும்போது சட்டப்படி சரி, பாரிஸில் இறங்கும்போது சட்டவிரோதம். உலகத்துக்கு மெயில் பெட்டி ஒன்று, சட்டம் நூறு.

இந்தியாவில்? அங்கேதான் ஒரு கதை இருக்கிறது, அதுவும் நம் மும்பையைச் சுற்றி நடந்த கதை.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஸ்பேம் பற்றி ஒன்றும் இல்லை. 2008-இல் திருத்தம் கொண்டுவந்து 66ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் மூன்றாவது உட்பிரிவு என்ன சொன்னது? பெறுகிறவருக்கு எரிச்சலோ தொந்தரவோ உண்டாக்கவோ, எங்கிருந்து வந்தது என்பதில் அவரை ஏமாற்றவோ மெயில் அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஸ்பேமுக்கு எதிராக நம் சட்டப் புத்தகத்தில் இருந்த நெருக்கமான வாசகம் அது ஒன்றுதான். ஆனால் அந்தப் பிரிவு ஸ்பேம் அனுப்புகிறவனை விட்டுவிட்டு வேறு ஆட்களைப் பிடிக்கப் பயன்பட்டது. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர், ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானார். அடுத்த மாதம் பால் தாக்கரே காலமாகி மும்பை முழுக்கக் கடையடைப்பு நடந்தபோது, அதை விமர்சித்து பால்கரில் ஒரு பெண் ஃபேஸ்புக்கில் இரண்டு வரி எழுதினார், இன்னொரு பெண் அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரையும் பிடித்தார்கள். நாடே கொதித்தது. ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ முழுவதையும் அரசியலமைப்புக்கு விரோதமென்று தள்ளினார்கள்.

சரியான தீர்ப்பு. ‘எரிச்சல்’ என்பதைக் குற்றமாக்கினால் போலீஸ்காரருக்கு எது எரிச்சலோ அதெல்லாம் குற்றமாகிவிடும். ஆனால் அழுக்குத் தண்ணீரோடு ஸ்பேம் உட்பிரிவும் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் குறுகலாக, பேச்சுரிமையில் கைவைக்காமல் ஒரு பிரிவை எழுதியிருக்கலாம். பத்தாண்டுக்கு மேலாகிறது, யாரும் எழுதவில்லை. போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் விரிவான விதிகள் போட்டிருக்கிறது. தொந்தரவு அழைப்பைப் பற்றிப் புகார் செய்யும் 1909 என்ற எண் உங்களுக்குத் தெரியும். மெயில் அந்த விதிகளுக்குள் வராது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் உதவலாம். இந்தியாவில் இருப்பவருக்குச் சரக்கு விற்கிற வெளிநாட்டுக்காரனையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் நீங்களே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கடை வெப்சைட்டில் நீங்களே மெயில் முகவரியைப் போட்டிருக்கிறீர்களா? போடாமல் எப்படி வியாபாரம் செய்வீர்கள்? அந்தப் பாதுகாப்பு அதோடு போயிற்று.

ஏமாற்றுதான் குற்றம், வெறும் தொந்தரவு குற்றமில்லை என்றாகிவிட்டது. ஏமாற்றுக்கு 66டி பிரிவு இருக்கிறது: கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை. 75-ஆம் பிரிவு இன்னும் கம்பீரமானது: குற்றம் செய்தவன் எந்த நாட்டவனாக இருந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், குற்றத்தில் இந்தியக் கணினி சம்பந்தப்பட்டிருந்தால் இந்தச் சட்டம் பாயும். பாயும் என்று எழுதுவது சுலபம். போய்ப் பிடிக்க வேண்டுமே.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஆளைக் கேட்டால், அவன் செய்தது இரண்டு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நியதி. மும்பையில் உட்கார்ந்து ஒருவன் ஆஸ்திரேலியாவுக்கு லட்சம் விளம்பர மெயில் அனுப்புகிறான் என்று வையுங்கள். அங்கே அது சட்டமீறல். இங்கே ஏமாற்று எதுவும் இல்லையென்றால் அது ஒன்றுமே இல்லை. நம் சட்டத்தில் ஓட்டை இருந்தால் நஷ்டம் நமக்கு மட்டும் என்று நினைக்கிறோம். நம்மைக் கூரையாக வைத்து அடுத்தவன் வீட்டில் கல்லெறிகிறவனுக்கும் அந்த ஓட்டை வசதி.

நம் நாடு இதில் எங்கோ தூரத்தில் இல்லை. ‘ஹெர்பல் கிங்’ வழக்கைச் சொல்கிறேன்.

2007, 2008 வாக்கில் உலகத்தில் மெயில் வைத்திருந்த எல்லோருக்கும் ஆண்மை மாத்திரை விளம்பரம் வந்தது. தாய்மார்கள் மன்னிக்கவும், வழக்கு அப்படி. ஒரு கட்டத்தில் உலகின் மொத்த ஸ்பேமில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே கும்பலுடையது என்று கணித்தார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் புகார். தலைமை வகித்தவர் லான்ஸ் அட்கின்சன், நியூசிலாந்துக்காரர், வசித்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். கூட்டாளி அமெரிக்காவின் டெக்சாஸில். மெயிலைச் சுமந்து போனவை உலகெங்கும் வைரஸ் புகுந்த பொதுமக்களின் கணினிகள். தங்கள் கணினி இரவில் யாருக்காகவோ உழைக்கிறது என்பதே அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. வலைத்தளம் சீனாவில். கிரெடிட் கார்டு வரவு ஜார்ஜியா நாட்டிலும் சைப்ரஸிலும். அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருந்தகத்திலிருந்து வருகிறது என்று சொல்லி விற்ற அந்த மாத்திரைகள் கப்பலேறிய இடம்? இந்தியா.

2008 அக்டோபரில் சிகாகோ நீதிமன்றம் சொத்துகளை முடக்கியது. அந்த டிசம்பரில் நியூசிலாந்து நீதிமன்றம் ஏறக்குறைய ஒரு லட்சம் நியூசிலாந்து டாலர் அபராதம் போட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2,10,000 ஆஸ்திரேலிய டாலர். அமெரிக்க நீதிமன்றம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். ஒரே ஆள், மூன்று நாடு, மூன்று வழக்கு. மூன்று நாட்டு அதிகாரிகளும் கோப்பைப் பகிர்ந்துகொண்டதால் நடந்த காரியம் இது. வெளிநாட்டு அதிகாரிகளோடு விசாரணைத் தகவலைப் பகிர 2006-இல் அமெரிக்கா தனியாகச் சட்டமே போட்டுக்கொண்டது. ஆனால் மாத்திரையைப் பெட்டியில் போட்டு அனுப்பிய முனைக்கு ஸ்பேம் சட்டம் எட்டுமா? அனுப்பியவர் மெயில் எதுவும் அனுப்பவில்லை, சரக்குதான் அனுப்பினார். இங்கே ஸ்பேம் சட்டமும் கிடையாது. அந்த முனைதான் இன்றைய என் பேச்சின் விஷயம், பிறகு வருகிறேன்.

முதலில் அண்ணாச்சியின் வழக்குக்குத் திரும்புவோம். ஒருவழியாக முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுத் தகவல் எங்கிருந்து போனதோ எங்கே கிடைத்ததோ, இரண்டு இடத்திலும் ஏமாற்று வழக்கை விசாரிக்கலாம் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. எந்த நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்ஐஆர்’ பதிவு செய்யலாம். 2024 ஜூலை 1 முதல் அது சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்த படி, தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வேண்டும், அதற்குக் கீழே உள்ளவர் கூடாது. கைநிறைய வேலை உள்ள மனிதர் அவர். அவர் மெயிலின் தலைப்புக் குறிப்புகளை எடுக்கிறார். ஒவ்வொரு சர்வரும் தன்னைக் கடந்தபோது ஒரு வரி எழுதிவைத்திருக்கும். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் உள்ள வரியில் ஒரு ஐபி எண். அது ஏதோ நாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வர். வாடகை கட்டியவன் யார் என்று அந்தக் கம்பெனிக்குத்தான் தெரியும். மெயில் சேவை அமெரிக்க நிறுவனத்துடையது. மெயிலின் உள்ளடக்கத்தை வெளிநாட்டுப் போலீஸுக்கு நேராகக் கொடுக்க அமெரிக்கச் சட்டம் அந்த நிறுவனத்தை அனுமதிக்காது.

எனவே இன்ஸ்பெக்டர் எழுத, மேலதிகாரி ஒப்ப, மாநில உள்துறை பார்க்க, டெல்லியில் மத்திய உள்துறை அனுப்ப, வாஷிங்டனில் நீதித் துறை வாங்கி, அங்கே ஒரு நீதிமன்ற உத்தரவு பெற்று, வந்த வழியே திரும்ப வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கு ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. 2001-இல் கையெழுத்தாகி 2005-இல் அமலுக்கு வந்தது. அது கொலை, பயங்கரவாதம், பெரிய ஊழல் மாதிரி வழக்குகளை மனதில் வைத்த பாதை. அதில் ஒரு தோல் பை வியாபாரியின் கோப்பு எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்று நீங்களே ஊகியுங்கள். இதற்குள் பதிவுகள் அழிந்துபோகும். இந்தியாவில் உள்ள நிறுவனங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவு போட்டது. வெளிநாட்டில் வாடகைக்குச் சர்வர் விடுகிறவனுக்கு அந்த உத்தரவு என்ன தெரியும்? எல்லாம் வந்து சேர்ந்தாலும், மின்னணுச் சான்றுக்கு முறையான சான்றிதழ் இணைக்காவிட்டால் நீதிமன்றம் ஏற்காது. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது நம் மகாராஷ்டிரத் தேர்தல் வழக்கு ஒன்றில்தான்.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவோடு தனி உடன்பாடு செய்து இந்தச் சுற்றுவழியைக் குறுக்கிக்கொண்டன. இந்தியாவுக்கு அப்படி ஒன்று இல்லை. சைபர் குற்றத்துக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை 2001-இலிருந்து இருக்கிறது. இலங்கை 2015-இல் அதில் சேர்ந்துவிட்டது. நாம் சேரவில்லை. நம்மைக் கேட்காமல் எழுதியதில் ஏன் சேர வேண்டும் என்பது டெல்லியின் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024 டிசம்பரில் புதிய சைபர் குற்ற உடன்படிக்கையை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்கு வைத்தார்கள். நாற்பது நாடுகள் உறுதி செய்த பிறகுதான் அது உயிர் பெறும்.

தீர்ப்பே கிடைத்தாலும் அதை எல்லைக்கு அப்பால் கொண்டுபோவது வேறு பாடு. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவுப்படி சில நாடுகளின் தீர்ப்பை இங்கே நேராக நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர் உண்டு, 2020 முதல் அமீரகமும் உண்டு. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. எந்த நாடாக இருந்தாலும் அபராதத்தை இப்படி வசூலிக்க முடியாது.

இதைவிடக் கூத்து ஒன்று நடந்தது. ஸ்பேம் அனுப்புகிறவர்களின் பட்டியலை வெளியிடும் ‘ஸ்பாம்ஹாஸ்’ என்ற அமைப்பு அப்போது பிரிட்டனில் இருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் வந்த ஓர் அமெரிக்க மெயில் விளம்பரக் கம்பெனி, இல்லினாய் நீதிமன்றத்தில் அவர்கள் மேலேயே வழக்குப் போட்டது. ‘உங்கள் நீதிமன்றத்துக்கு எங்கள் மேல் அதிகாரம் இல்லை’ என்று ஸ்பாம்ஹாஸ் வாதாடாமல் ஒதுங்கியது. 2006-இல் 1 கோடியே 17 லட்சம் டாலர் கொடு என்று தீர்ப்பாயிற்று. ஸ்பாம்ஹாஸ் அசையவில்லை. மேல்முறையீடு, மறுவிசாரணை, மறுபடி மேல்முறையீடு. 2011-இல் அந்தத் தொகை எவ்வளவாக முடிந்தது தெரியுமா? மூன்று டாலர். எல்லை என்பது குற்றவாளிக்கு மட்டும் கேடயம் இல்லை, காவல் காக்கிறவனுக்கும் அதுவே கேடயம் ஆனது.

அப்படியானால் யாருமே மாட்டுவதில்லையா? மாட்டுகிறார்கள். பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் போகும்போது. ‘கெலிஹோஸ்’ என்ற ஸ்பேம் வலையை நடத்திய ரஷ்யர் பீட்டர் லெவஷோவ் சொந்த நாட்டில் இருந்தவரை யாரும் தொட முடியவில்லை. 2017-இல் குடும்பத்தோடு பார்சிலோனாவுக்கு விடுமுறைக்குப் போனார், அங்கே பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். இதற்கு இணையான இந்தியக் கதையும் உண்டு. அமெரிக்க வருமான வரித்துறை பேசுகிறோம் என்று அமெரிக்கர்களை மிரட்டிய கால் சென்டர்களை நடத்திய அகமதாபாத் ஹிதேஷ் படேல் சிங்கப்பூருக்குப் பறந்தபோது மாட்டினார். 2020-இல் அமெரிக்க நீதிமன்றம் இருபது ஆண்டு கொடுத்தது. சுற்றுலா ஆசை இல்லாத குற்றவாளியைச் சட்டம் என்ன செய்யும்?

அனுப்புகிறவனைத் துரத்துவதையே சட்டம் முதல் வேலையாக வைத்திருக்கும்வரை இந்த ஆட்டத்தில் அவன்தான் ஜெயிப்பான். நான் சொல்ல வந்தது இதுதான். அவன் எட்டமாட்டான். அவனுக்குத் தேவைப்படுகிற மற்றவர்கள் எட்டுவார்கள்: சர்வர் தருகிறவர், பணம் வாங்குகிற வங்கி, கணக்கை வாடகைக்கு விடுகிறவன், சரக்கு அனுப்புகிறவர். இவர்களுக்கு முகவரி உண்டு, உரிமம் உண்டு, இழக்க ஏதாவது உண்டு.

இது என் ஊகமில்லை. 2008 நவம்பரில் கலிபோர்னியாவின் மெக்கோலோ என்ற ஒரே ஒரு சர்வர் நிறுவனத்தின் இணைப்பை அதற்கு மேலே இருந்த நிறுவனங்கள் துண்டித்தன. நீதிமன்றம் இல்லை, வாரண்ட் இல்லை. உலகின் ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்குமேல் விழுந்தது. சில மாதத்தில் திரும்பவும் ஏறியது, அதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஸ்பேம் வலைக்குள் நுழைந்து கணக்குப் பார்த்தார்கள். ஏறத்தாழ 35 கோடி மெயிலுக்கு நடந்த விற்பனை 28. இவ்வளவு மெலிந்த லாபத்தில் ஓடுகிற தொழில், பணம் வாங்கும் வழியில் கொஞ்சம் கல்லைப் போட்டாலே தடுமாறும். 2011-இல் அவர்களே இன்னொன்றைக் காட்டினார்கள். ஸ்பேமில் விற்கும் மருந்து, போலிக் கைக்கடிகாரம், திருட்டு மென்பொருளில் 95 விழுக்காட்டுக்கு வந்த பணம் மூன்றே வங்கிகள் வழியாகப் போயிற்று. கோடிக்கணக்கான மெயில், மூன்று வங்கி! சட்டம் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

சர்க்கார்கள் மெதுவாக நடக்க, கம்பெனிகள் தாங்களே சட்டம் போட ஆரம்பித்துவிட்டன. 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்குமேல் மெயில் அனுப்புகிறவர் தன் அடையாளத்தைத் தொழில்நுட்ப முறையில் நிரூபிக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் கட்டளையிட்டன. எந்த நாடாளுமன்றத்தின் சட்டமும் இவ்வளவு வேகமாக எல்லை தாண்டியதில்லை. எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. நாடாளுமன்றச் சட்டத்தை எதிர்த்து ஒரு சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போக முடிந்தது. இங்கே கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்கிறவர் அனுப்பிய நேர்மையான விலைப்பட்டியல் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தால் யாரிடம் மனுக் கொடுப்பார்?

இப்போது நம் முனைக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் தானே போலீஸ் மீரா ரோட்டில் கால் சென்டர்களுக்குள் நுழைந்து எழுநூறு பேருக்குமேல் பிடித்து விசாரித்தது. அங்கே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவர்கள் நம்மைப் போன்ற வீடுகளின் பிள்ளைகள், இருபது இருபத்தைந்து வயது. ஏமாந்தவர்கள் அமெரிக்காவில். அன்றைக்கு அவர்களுக்கு நாம்தான் எட்டாத வெளிநாடு. இங்குள்ள போலீஸ் உள்ளே போனதால்தான் அவர்களைப் பிடிக்க முடிந்தது. தன் வீட்டு முனையைத் தான் பிடிப்பது என்பதற்கு நல்ல முன்னுதாரணம் அது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற ஆசைவார்த்தையை நம்பிப் போன தமிழ் இளைஞர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, அங்கே உலகத்தை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்யவைத்தார்கள். 2022 அக்டோபரில் பதின்மூன்று பேர் மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள். நமக்கு வரும் மோசடிச் செய்தியை எழுதியவனும் சில நேரம் வேலை விளம்பரத்தை நம்பி ஏமாந்தவன்தான். சட்டம் அவனைக் குற்றவாளி என்று எழுதுமா, பாதிக்கப்பட்டவன் என்று எழுதுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன், சங்கத்தாரிடம் ஒன்று, வியாபாரிகளிடம் ஒன்று, தம்பிமார்களிடம் ஒன்று. சங்கத்தார் நம் தொகுதி எம்பிக்கு ஒரு மனு எழுதுங்கள். மெயில் ஸ்பேமுக்குக் குறுகலான, பேச்சுரிமையைத் தொடாத ஒரு சட்டமும், வெளிநாட்டிலிருந்து அந்தந்த நாட்டு அதிகாரியின் புகார் வந்தால் இங்குள்ள சர்வரையும் கணக்கையும் உடனே முடக்கும் அதிகாரமும் அதில் இருக்கட்டும். நாம் முதலில் செய்தால்தான் நாளை அண்ணாச்சிக்காக வெளிநாட்டிடம் கேட்க நமக்கு வாய் இருக்கும். வரைவு நான் எழுதித் தருகிறேன், பீஸ் வேண்டாம்.

வியாபாரிகள் ஒன்று செய்யுங்கள். கணக்கு எண் மாறிவிட்டதாக மெயிலில் யார் சொன்னாலும், பழைய நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டபிறகு பணத்தை அனுப்புங்கள். உங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் அதையே சொல்லிவையுங்கள். மோசடி நடந்துவிட்டால் கோபத்தில் அந்த மெயிலை அழிக்காதீர்கள், அடுத்தவருக்கு ஃபார்வேர்டும் செய்யாதீர்கள். அந்தத் தலைப்புக் குறிப்புகள்தான் உங்கள் சாட்சி. உள்நாட்டுக் கணக்குக்குப் போன பணமென்றால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். வெளிநாட்டுக்குப் போனதென்றால் பணம் அனுப்பிய வங்கி அதே நாளில் திரும்பக் கேட்கும் செய்தியை அனுப்ப வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்றால் பணம் அடுத்த நாட்டுக்குப் போயிருக்கும்.

தம்பிமார்களே, உங்களிடம் யாராவது வந்து, “சும்மா கிடக்கிற உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்” என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்டு வருகிறவன் தெரிந்த பையனாகவே இருப்பான். வெளிநாட்டில் இருக்கிற அனுப்புநரைப் போலீஸ் பிடிக்காது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, உங்கள் பெயரில் உள்ள கணக்கைத் தேடி அதே வாரத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

கேள்வி இருப்பவர்கள் முன்னால் வாருங்கள்.